ஓரடி நீரில் ஓடும் படகு



மோட்டார் வண்டியின் சக்கரம் பழுதானால் ஓட்டுநர் ஒரு ஜாக்கியை எடுத்து வந்து வண்டிக்கடியில் வைத்து, ஒற்றை ஆளாகவே வண்டியைத் தூக்கிவிடுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அத்தகைய ஜாக்கி ஒன்றைப் படகின் பின்புறத்தில் பொருத்தி, படகு விரைந்து ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை இயக்குவதும் உண்டு. அங்கே தூக்கப்படுவது படகன்று. படகை ஓட்டும் இயந்திரம். ஜாக்பிளேட் என்பது அதன் பெயர். ஜாக்கித் தகடு என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். அதைத் தேர்ந்தெடுப்பது எப்படி, பொருத்துவது எப்படி என்பதே இன்று நான் சொல்ல வந்த செய்தி.

பள்ளிக்கூடத்து ஆசிரியனுக்கும் மீன்பிடி படகுக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நான் பல ஆண்டுகள் பௌதிகம் கற்பித்தவன். பாஸ்கல் விதியை ஆண்டு தவறாமல் கரும்பலகையில் எழுதினேன். மாணவர்களும் ஆண்டு தவறாமல் அதைத் தேர்வுத்தாளில் எழுதினார்கள். அந்த விதி வேலை செய்வதைக் கையால் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு எனக்கு ஓய்வு பெற்ற பின்னரே கிட்டியது. அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத்துக் கார்ப்பஸ் கிறிஸ்டி நகரில் என் மகன் பணியாற்றுகிறான். அவனிடம் நான் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அடுத்த வீட்டுக்காரர் மீன்பிடி வழிகாட்டி. வேலையில்லாக் கிழவன் ஒருவன் வேலியோரம் நின்று பார்ப்பதைக் கண்டு, அவரே என்னை உள்ளே அழைத்துக்கொண்டார்.

அந்த இடத்தைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அந்நகருக்குத் தெற்கே, பாட்ரே என்னும் நீண்ட மணல்தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே ஒரு காயல் கிடக்கிறது. லகூனா மாட்ரே என்று பெயர். ஸ்பானிய மொழியில் 'தாய்க் காயல்' என்பது பொருள். பெயர் பெரிதாயினும் ஆழம் மிகக் குறைவு. சராசரியாக ஒரு மீட்டர் அளவுதான். பெரிய ஆறு எதுவும் அதில் வந்து கலப்பதில்லை, வெயிலோ கடுமை. ஆகவே அந்நீர் பெரும்பாலும் கடல்நீரைவிட உப்பு மிகுந்ததாக இருக்கிறது. அடியிலே கடற்புல் பசும்புல்வெளி போல் பரந்து கிடக்கிறது. அந்தப் புல்லிடையே நண்டும் இறாலும் தேடி, முழங்கால் அளவு நீருக்குள் செம்மீன்கள் மேயும். அங்கே ரெட்ஃபிஷ் எனப்படும் இம்மீன் நம் கடற்கரைக் கத்தாழை மீனின் குடும்பத்தைச் சேர்ந்தது. தலையை மண்ணில் புதைத்து அது இரை தேடும்போது வால் மட்டும் நீருக்கு மேலே அசையும். அந்த வாலைக் காண்பதற்கென்றே மக்கள் தொலைவிலிருந்து வருகிறார்கள்.

டெக்ஸஸ் நீரில் பிடித்த இந்த மீனை விற்பது 1981-ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே என் நண்பர் விற்பது மீன் அன்று. தூண்டிற்காரர்களை மீன் இருக்கும் இடத்துக்குக் கூட்டிப்போகும் தம் அறிவையும் உழைப்பையுமே விற்கிறார். மீன் இருப்பது ஓரடி நீரிலும் ஒன்றரையடி நீரிலும். அங்கே போய்ச் சேரவேண்டும், திரும்பியும் வரவேண்டும். அவருடைய பிழைப்பு முழுவதும் இதில் அடங்கியிருந்தது.

இனி இயந்திரத்துக்கு வருவோம். படகின் பின்பலகையில் வெளிப்புறமாகத் தொங்கும் இயந்திரத்தை நீங்கள் நம் கடற்கரை ஃபைபர் படகுகளிலும் கண்டிருக்கலாம். நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட் என்பவர் இத்தகைய இயந்திரத்தை 1909-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். மேலே இயந்திரம், நடுவே செங்குத்தான தண்டு, அடியிலே நீரைப் பின்தள்ளும் சுழல்விசிறி. ஆழம் குறைந்த நீரில் முதலில் தரையைத் தொடுவது இந்த அடிப்பகுதியே.

இயந்திரத்தைச் சாய்த்து விசிறியை மேலே கொண்டுவர எல்லா இயந்திரங்களிலும் வசதி உண்டு. பின் எதற்குத் தனியாக ஒரு ஜாக்கி? நானும் இதே கேள்வியைக் கேட்டேன். நண்பர் ஒரு துடைப்பத்தைக் கையில் எடுத்தார். அதைச் சாய்த்துக் காட்டினார். பிறகு சாய்க்காமல் நேராக மேலே தூக்கிக் காட்டினார். எனக்கு விளங்கிவிட்டது. விசிறி சாய்ந்தால் அது தள்ளும் திசையும் சாய்ந்துவிடும். நீரை நேர் பின்னால் தள்ளுவதை விட்டு, ஒரு பகுதி மேல்நோக்கித் தள்ளும். அதன் எதிர்விளைவாகப் படகின் பின்புறம் கீழே அமிழும். ஆழமில்லாத நீரில் பின்புறம் அமிழ்வது எவ்வளவு பொருந்தாத காரியம்! ஜாக்கித் தகடு அப்படியன்று. கோணம் மாறாமல், கிணற்று வாளியைப் போல இயந்திரத்தை நேர்க்குத்தாக உயர்த்தும், இறக்கும். அதன் சிறப்பெல்லாம் இந்த ஒன்றில் இருக்கிறது.

உயர்த்தும் வேலையைச் செய்வது எண்ணெய். பாஸ்கல் இறந்தது 1662-இல். திரவங்களின் சமநிலையைப் பற்றி அவர் எழுதிய நூல் அச்சேறியது அதற்கடுத்த ஆண்டில். மூடிய பாத்திரத்துள் இருக்கும் திரவத்தின் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம், குறையாமல் எல்லாப் பக்கமும் பரவும் என்பது அவர் கண்டது. சிறு கணக்கு ஒன்று போட்டுப் பார்ப்போம். தூக்க வேண்டிய சுமை 500 பவுண்டு. தூக்கும் உருளையின் விட்டம் 2 அங்குலம் என்று கொள்வோம். அதன் பரப்பு 3.14 சதுர அங்குலம். எண்ணெயின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 160 பவுண்டு இருந்தால் சுமை எழும்பும். எண்ணெயைத் தள்ளும் சிறு உருளையின் பரப்பு ஒரு சதுர அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு என்றால், அங்கே 16 பவுண்டு விசையே போதும். ஆனால் இயற்கை எதையும் இலவசமாகக் கொடுப்பதில்லை. இயந்திரம் ஓர் அங்குலம் உயர, சிறு உருளை மொத்தம் 31 அங்குலத்துக்கு மேல் நகரவேண்டும். அதற்காகத்தான் மின்மோட்டார் ஒன்று அந்தச் சிறு பம்பை விடாமல் சுழற்றுகிறது. பொத்தானிலிருந்து விரலை எடுத்தால் வால்வு மூடிக்கொள்ளும். எண்ணெய் உள்ளேயே அடைபடும். இயந்திரம் நின்ற உயரத்திலேயே நிற்கும்.

கையால் திருகி உயர்த்தும் ஜாக்கித் தகடும் உண்டு. விலையும் குறைவு, எடையும் குறைவு. எப்போதும் ஒரே ஆழத்தில் ஓடுகிறவருக்கு அது போதும். ஒரு காலையில் பத்து இடம் மாறி, ஐந்தடி ஆழத்திலிருந்து ஓரடி ஆழத்துக்கு வருகிறவருக்கு அது உதவாது. நண்பருக்கு எண்ணெய் ஜாக்கி தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை.

எந்த அளவில் வாங்குவது என்பதில்தான் பேச்சு வளர்ந்தது. ஜாக்கித் தகட்டில் இரண்டு அளவுகள் முக்கியம். ஒன்று, எவ்வளவு உயர்த்தும் என்பது. பெரும்பாலும் சில அங்குலங்கள். மற்றொன்று, இயந்திரத்தைப் பின்பலகையிலிருந்து எவ்வளவு தூரம் பின்னே தள்ளி வைக்கும் என்பது. 4 அங்குலத்திலிருந்து 12 அங்குலம் வரை கிடைக்கிறது. இந்தப் பின்தள்ளலில் ஒரு நன்மை உண்டு. விரைந்தோடும் படகின் அடியிலிருந்து வெளிப்படும் நீர், பின்பலகையைக் கடந்ததும் சிறிது மேலெழும்புகிறது. பின்னே போகப்போக இயந்திரத்தை மேலும் சற்று உயர்த்தினாலும் விசிறிக்கு நீர் கிடைக்கும். ஆகவே கடைக்காரர் 10 அங்குலத் தகட்டையே எடுக்கச் சொன்னார்.

நண்பர் என் முகத்தைப் பார்த்தார். நான் அறிந்தது நெம்புகோல் ஒன்றுதான். இயந்திரத்தின் எடை நடுப்புள்ளி பின்பலகையிலிருந்து 10 அங்குலத் தொலைவில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தகடு 10 அங்குலம் பின்னே தள்ளினால் அது 20 அங்குலமாகும். எடை அதேதான், பலகையைப் பிடித்து இழுக்கும் திருப்புவிசையோ இரட்டிப்பாகிவிடுகிறது. தகட்டுக்கும் 30 கிலோ அளவில் சொந்த எடை உண்டு. அவருடைய படகு 21 அடி நீளம். 150 குதிரைத்திறன் கொண்ட இயந்திரம். மீன் போடும் தொட்டியும் எரிபொருள் தொட்டியும் பின்பாதியிலேயே இருந்தன. இப்போதே பின்புறம் கனத்த படகு அது. இன்னும் பின்னே கனம் சேர்ந்தால், நின்றிருக்கும்போது படகு மேலும் அமிழும். ஆழமில்லா நீருக்காக வாங்கும் பொருள் படகுக்கு அதிக ஆழம் தேவைப்படச் செய்யுமானால் அதனால் என்ன பயன்? 6 அங்குலத் தகட்டை எடுத்தோம். கடைக்காரர் சிரித்தார். அவர் சொன்னதும் முழுத் தவறன்று. முன்புறம் கனத்த வேறொரு படகுக்கு அது சரியாக இருந்திருக்கும்.

பொருத்தும் நாள் வந்தது. செயின் பிளாக்கில் மாட்டி இயந்திரத்தைக் கழற்றி உயர்த்தினோம். ஏறத்தாழ 480 பவுண்டு எடை அதற்கு. நான்கு அரை அங்குல போல்ட்டுகளில் அது தொங்கிக்கொண்டிருந்தது. மேலிரண்டு துளைகளுக்கும் இடைவெளி பன்னிரண்டே முக்கால் அங்குலத்துக்குச் சற்று மிகுதி. பெரும்பாலான இயந்திரங்களுக்கும் தகடுகளுக்கும் இதுவே பொது அளவாதலால் புதிய துளை போட வேண்டியதில்லை. காலை பத்து மணிக்குள் வேலை முடியும் என்று நண்பர் நினைத்திருந்தார். அடுத்த வாரம் முழுவதும் ஆட்கள் முன்பதிவு செய்திருந்தார்கள்.

கீழ்வரிசையில் வலப்புறத்துப் போல்ட்டை உருவியதும், துளையிலிருந்து பழுப்பு நிறமாக நீர் கசிந்தது.

இருவரும் சிறிது நேரம் பேசவில்லை. அந்தப் பின்பலகை வெறும் கண்ணாடியிழை அன்று. இரண்டு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே ஒட்டுப்பலகை வைத்துச் செய்தது. முன்னொரு காலத்தில் யாரோ இயந்திரத்தைப் பொருத்தியபோது, துளைகளின் உட்சுவரில் நீர் புகாத பசையைச் சரியாகத் தடவாமல் விட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் துளித்துளியாக நீர் புகுந்து உள்ளே மரம் மக்கிப்போயிருந்தது. நண்பர் மரச்சுத்தியலால் தட்டிக்கொண்டே வந்தார். இடப்பக்கம் 'டக், டக்' என்று கணீரென ஒலித்தது. வலப்பக்கம் ஈரத்துணி மூட்டையைத் தட்டியது போல ஓசை மழுங்கியது. வெளியே பார்த்தால் பளபளப்பான வெள்ளைப் படகு!

அவருடைய மகன், "அப்பா, இத்தனை நாள் தாங்கிய பலகைதானே? பெரிய வாஷரை வைத்து இறுக்கிவிடுவோம். மழைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்" என்றான். அவன் சொன்னதில் நியாயம் இல்லாமலில்லை. மூன்று வார வருமானம் என்பது அந்தக் குடும்பத்துக்குச் சிறிய தொகையன்று. ஆனால் இத்தனை நாள் தாங்கியது பழைய சுமையை. இப்போது சுமை ஆறு அங்குலம் பின்னே போகிறது. 30 கிலோவும் கூடுகிறது. அலையில் படகு குதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இழுப்பு பன்மடங்காகிறது. பலகை பிளந்தால் இயந்திரம் மட்டுமா கடலில் விழும்? அது நின்ற இடம் வழியாக நீர் உள்ளே வரும். படகில் பணம் கொடுத்து ஏறியவர்கள் இருப்பார்கள். நண்பர் தொலைபேசியை எடுத்து, பதிவு செய்தவர்களை ஒவ்வொருவராக அழைத்து வரவேண்டாம் என்று சொன்னார். நான் அருகிலேயே இருந்தேன். எட்டு அழைப்புகள். சிலர் மறுபடியும் வருவதாகச் சொன்னார்கள். இருவர் வேறு வழிகாட்டியிடம் போய்விட்டார்கள்.

உட்புறத் தோலை வெட்டி, மக்கிய மரத்தைச் சுரண்டி எடுத்து, புதிய கடல்தரப் பலகையை அடுக்கடுக்காக எப்பாக்சிப் பசையால் ஒட்டி, மேலே மீண்டும் கண்ணாடியிழை போர்த்தினோம். நான் செய்தது பெரும்பாலும் விளக்குப் பிடித்தது. பிறகு தகட்டைப் பொருத்துவது அரைநாள் வேலையாகவே முடிந்தது. இம்முறை ஒவ்வொரு துளைக்குள்ளும் பசை சென்றது. என்றென்றைக்கும் ஒட்டிப்பிடிக்கும் பசையை அவர் தவிர்த்தார். பின்னொரு நாள் கழற்றும்போது பலகையையே பிய்த்துவிடுமாம். தகடு அலுமினியம், போல்ட்டோ துருப்பிடிக்காத எஃகு. இரண்டு உலோகங்கள் உப்புநீரில் நனைந்து ஒன்றையொன்று தொட்டால் என்னவாகும்? வேதியியல் படித்தவர்கள் சொல்லிவிடுவீர்கள்; ஒரு மின்கலம் உண்டாகி அலுமினியம் அரிக்கப்படும். கடலைவிட உப்பான அந்தக் காயலில் கேட்கவே வேண்டா. ஆகவே போல்ட்டுகளுக்கு அதற்குரிய களிம்பு பூசி, தமக்குப் பதிலாக அரிபடுவதற்கென்று துத்தநாகக் கட்டி ஒன்றையும் பொருத்தினார். எரிபொருள் குழாய், சுக்கான் குழாய், மின்கம்பிகள் ஆகிய எல்லாவற்றையும் இயந்திரத்தை உச்சிக்கு உயர்த்தியும், அடிக்கு இறக்கியும், இருபுறம் திருப்பியும், முழுதும் சாய்த்தும், எங்கேனும் இழுபடுகிறதா என்று பார்த்துக்கொண்டோம்.

பிறகு வெள்ளோட்டம். இதுவே எனக்கு மிகப் பிடித்த பகுதி.

விசிறிக்கு மேலே கிடையாக ஒரு சிறு தகடு இருக்கும். மேலேயிருந்து காற்று விசிறிக்குள் இழுக்கப்படாமல் அது தடுக்கிறது. இயந்திரத்தை அளவுக்கு மேல் உயர்த்தினால் விசிறி நீரோடு காற்றையும் உறிஞ்சிவிடும். பற்றுக்கோடு இழந்து வீணே சுழலும், இயந்திரம் ஓலமிடும், படகு தளரும். திருப்பினால் சுக்கானும் பிடிப்பதில்லை. இது காதுக்குக் கேட்கும் அபாயம். எனவே அஞ்ச வேண்டியதில்லை. காதுக்குக் கேளாத அபாயம் ஒன்றும் இருக்கிறது. இயந்திரம் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள, தன் கீழ்ப்பகுதியிலுள்ள சிறு துளைகளால் காயலின் நீரையே உறிஞ்சுகிறது. அத்துளைகள் நீர்மட்டத்துக்கு மேலே வந்துவிட்டால் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், படகும் ஓடும், உள்ளே இயந்திரம் வெந்துகொண்டிருக்கும். வெப்பமானி ஏறிய பின் தெரிந்துகொள்வது காலங்கடந்த அறிவு. குளிர்நீரின் அழுத்தத்தைக் காட்டும் மானி முன்கூட்டியே சொல்லிவிடும். ஜாக்கித் தகடு வாங்குகிறவர் அந்த மானியையும் வாங்காவிட்டால் பாதிக் கருவியைத்தான் வாங்கியிருக்கிறார் என்பேன்.

மூன்றடி நீரில் படகை ஒரே வேகத்தில் ஓட்டினார் நண்பர். நான் மானியைப் படித்தேன். ஓர் அங்குலம் உயர்த்தினார்: பதினைந்து பவுண்டு. இரண்டு: பதினைந்து. மூன்று: பதினான்கு, படகு சற்றே விரைந்தது, நீரில் இழுபடும் பகுதி குறைந்துவிட்டதல்லவா! நான்கு: பன்னிரண்டு. ஐந்து: சட்டென்று ஆறுக்கு இறங்கியது. உடனே இறக்கினார். தகட்டுக்கு இன்னும் ஓர் அங்குலம் உயர்த்தும் ஆற்றல் இருந்தது. அந்தப் படகுக்கோ நான்குடன் முடிந்துவிட்டது.

அந்த உயரத்தில் ஓரடி நீரிலும் படகு வழுக்கிக்கொண்டு ஓடிற்று. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இங்கேயே நிறுத்துவோம், அதோ மீன் வால் தெரிகிறது" என்றேன். நண்பர் நிறுத்தவில்லை. "ஆசிரியரே, ஓடுகிற படகுக்கு ஓரடி போதும். நின்ற படகு மறுபடி எழுந்து ஓட இரண்டடி வேண்டும்" என்றார். நின்றவுடன் பின்புறம் அமிழும். மீண்டும் கிளம்ப முழு விசையோடு விசிறியைச் சுழற்றினால் அது தரையைத் தோண்டும். வழிகாட்டிகளில் சிலர் இதை அறியாமல் மாட்டிக்கொள்கிறார்கள். சிலர் அறிந்தே தோண்டுகிறார்கள்.

தோண்டுவது வெறும் மண்ணாயின் தாழ்வில்லை. கடற்புல் மண்ணுக்குள் கிடைத்தண்டு விட்டுப் படரும் செடி. விசிறி அந்தத் தண்டை அறுத்தால் புல்வெளியில் நீண்ட வெள்ளைக் கோடு ஒன்று விழும். சில வகைப் புற்களில் அந்தக் காயம் ஆற ஆண்டுகள் பல ஆகும். அக்கோடுகளை அன்று நானே கண்டேன். உழுத நிலத்தில் சால் போட்டது போல் இருந்தன. கடற்புல்லை வேரோடு பெயர்ப்பது 2006-ஆம் ஆண்டில் அங்கே ரெட்ஃபிஷ் விரிகுடாப் பகுதியில் குற்றமாக்கப்பட்டது. 2013 முதல் டெக்ஸஸ் கடற்கரை முழுவதற்கும் அதுவே சட்டம். நம் பாக் விரிகுடாவிலும் இத்தகைய புல்வெளிகள் உண்டு. அவற்றை மேயும் கடற்பசுவுக்காகத் தமிழ்நாடு அரசு 2022-இல் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்திருப்பதை நீங்கள் செய்தித்தாளில் படித்திருக்கலாம்.

நண்பர் புல்வெளியின் ஓரத்தில், இரண்டடிக்குச் சற்று மிகுந்த ஆழத்தில் இயந்திரத்தை நிறுத்தினார். படகின் பக்கவாட்டில் கட்டியிருந்த நீண்ட கழியை எடுத்து ஊன்றினார். ஓசையின்றிப் படகு மீனை நோக்கி நகர்ந்தது. இத்தனை பாடுபட்டு எண்ணெய் ஜாக்கி பொருத்திய படகைக் கடைசி நூறு கஜத்துக்குக் கழியால் தள்ளுகிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்.

மாலையில் கரைக்கு வந்ததும், உயரங்காட்டும் முள்ளின் கண்ணாடியில் நான்காம் எண்ணுக்கு நேரே சிவப்பு நாடாத் துண்டு ஒன்றை அவர் ஒட்டினார். மகனைக் கூப்பிட்டுக் காட்டினார். நான் ஊர் திரும்பும்வரை அவர்களோடு பலமுறை காயலுக்குப் போயிருக்கிறேன். இளைஞன் ஓட்டும்போதும் முள் அந்த நாடாவைத் தாண்டியதில்லை.